புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது
மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அரசு உதவிகளில் பெற்றோரின் உரிமை: எங்கள் நிலைப்பாடு

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் மாற்றுத்திறன் குழந்தைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் நாங்கள். பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, சிறப்பு ஆசிரியர், காதுக் கருவி என எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அரசுப் பணத்தில் வருவது. பெற்றோருக்குப் புரியும் மொழியில் விளக்காமலும் நகல் தராமலும் வாங்கிய கையெழுத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஏன் சொல்கிறோம்

எங்களில் ஒரு தாய்க்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். இந்தி சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது. மகனின் மதிப்பீடு முடிந்ததும் ஒரு மையத்தில் நான்கு பக்கத் தாளை நீட்டினார்கள். பேனாவால் புள்ளி வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். வாரம் இரண்டு நாள் பயிற்சி ஒரு நாளாகக் குறைந்ததற்கு அந்தத் தாளில்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. நகல் கேட்கப் போனவரிடம், வரிசையில் நின்ற இன்னொரு அம்மாவே சொன்னாராம்: "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?"

அந்த நினைப்புதான் எங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள் நாங்கள். இது தானமாக வந்த மாடு இல்லை.

சட்டம் எதுவரை வருகிறது

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. 16ஆம் பிரிவு, ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கச் சொல்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால், மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் பள்ளியை நடத்தும் குழுவில் இடம் பெற்ற பெற்றோருக்குத் தம் பிள்ளையின் பயிற்சியைத் தீர்மானிக்கும் மேசையில் இடம் உறுதியாகவில்லை. அமெரிக்கா 1975 இல் இயற்றிய சட்டம், பிள்ளையின் கல்வித் திட்டத்தை எழுதும் கூட்டத்தில் பெற்றோரையும் உட்கார வைத்தது; அறிவிப்பைக் கூடியவரை அவர்கள் தாய்மொழியிலேயே தரச் சொன்னது.

நாங்கள் கேட்பவை

1. உதவி தொடங்கும்போதும், கூட்டும்போதும், குறைக்கும்போதும், நிறுத்தும்போதும் காரணத்தை ஒரு பக்கத்தில் தமிழில் தர வேண்டும். மராத்தி இம்மாநிலத்தின் ஆட்சிமொழி. மூலம் அதில் இருப்பதில் எங்களுக்கு மனக்குறை இல்லை. தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் மாநகராட்சிக்கு இந்த ஒரு பக்கம் பாரமாகாது.

2. கையெழுத்தான தாளின் நகல் அன்றே கையில் வர வேண்டும். மழையில் தண்ணீர் ஏறும் தரைவீட்டில் கோப்பு நனைந்தால் மறுநகல் கிடைக்க வேண்டும்.

3. ஒரு பயிற்சி வேண்டாம் என்று சொன்னதற்காக மற்ற உதவிகளை நிறுத்தக் கூடாது. சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும்.

4. தாராவி மறுசீரமைப்பில் வீடு மாறும் குடும்பங்களின் கோப்பு குழந்தையோடு போக வேண்டும். புது இடத்தில் முதலிலிருந்து வரிசையில் நிற்க வைக்கக் கூடாது.

5. பிள்ளையையும் கேட்க வேண்டும். தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 2016 சட்டத்தின் 4ஆம் பிரிவு குழந்தைக்கே தந்திருக்கிறது. பெற்றோரின் உரிமை அதை விழுங்கிவிடக் கூடாது.

எங்கள் பங்கு

சிறப்பு ஆசிரியர்களும் தெரபிஸ்ட்களும் எங்கள் எதிராளிகள் அல்லர். நின்று விளக்க அவர்களுக்கு நேரம் இல்லாததும் எங்களுக்குத் தெரியும். அதனால் நிரப்பாத படிவங்களைத் தமிழாக்கித் தரும் வேலையைக் கூலியின்றி நாங்களே ஏற்கிறோம்.

நிரப்பிய அறிக்கையை மட்டும் தொட மாட்டோம். எங்கள் சந்துகளில் சுவருக்குச் சுவர் வீடு. அடுத்த வீட்டு அக்கா வாசித்துச் சொன்னால் மாலைக்குள் குழந்தையின் குறை ஊர்ப்பேச்சாகிவிடும். அதைக் கதவைச் சாத்தி, உட்கார வைத்து, அம்மாவுக்குப் புரியும்படி சொல்வது அலுவலகத்தின் வேலை. அதற்குப் பிறகு பேனாவை நீட்டட்டும்.