ஜின்னாவுக்கு யார் பேர் போடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரிய ஆலோசகர் ஐயாவுக்கு,

சென்ற தவணை எங்கள் தரம் 8 வகுப்பைப் பார்வையிட வந்தீர்கள். ஒரு மாணவியின் விடைத்தாளைக் கையில் எடுத்து, "விடைக்குறிப்பில் இல்லாத விடைக்குப் புள்ளி கொடுக்கக் கூடாது" என்று சொல்லி, நான் போட்டிருந்த புள்ளியைச் சிவப்பு மையால் வெட்டினீர்கள். பிள்ளைகளுக்கு முன்னால் வாதாட வேண்டாமென்று அன்று வாய்திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அந்தத் தாளைத் தமிழ்க் கொப்பிக்குள் மடித்து வைத்திருப்பதைப் பிறகு பார்த்தேன். அதனால்தான் இன்று எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாங்கள் வாசித்தது மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ'. சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் சிறுவர் நாவல்; தமிழிலும் வந்திருக்கிறது; 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். தென்கரைக் கிராமத்துக் குறும்புக்காரன் உபாலி, தன் வீட்டில் வேலைக்கு நின்ற ஜின்னாவோடு ஓடிப்போய், ஆளில்லாத தீவொன்றில் பயிர்செய்து வாழும் கதை. "ஜின்னாவின் பாத்திரப் பண்பு யாது?" என்று கேட்டிருந்தோம். குறிப்பில் இருந்த விடை: விசுவாசம்.

அந்த மாணவி எழுதியது இது: "ஜின்னா உபாலியை விட்டுப் போகவில்லை. ஆனால் அது விசுவாசம் என்று ஜின்னா சொல்லவில்லை. கதை முழுக்க உபாலிதான் பேசுகிறான். வேலைக்கு நிற்கிற பிள்ளை, வீட்டுக்காரப் பிள்ளை கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஜின்னா கதை சொன்னால் வேறு மாதிரி இருக்கும்."

அவளுடைய அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கிறாள், ஐயா. கதை சொல்பவன் யார் என்று பார்த்துப் படிப்பதற்குப் பெரியவர்களுக்கே பயிற்சி வேண்டும். பதின்மூன்று வயதில் அவள் தானாக அங்கே போய்ச் சேர்ந்தாள்.

தானாக என்று சொன்னாலும், அதற்கு வகுப்பில் வழி போட்டிருந்தோம். கரும்பலகையில் மூன்று கட்டம் கீறினோம்: பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள். மூன்றும் நிரம்பும்வரை பண்பின் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்பது விதி. இன்னொரு நாள் ஒரு கதிரையை நடுவில் போட்டு, ஒருவனை உபாலியாக உட்காரவைத்தோம். வகுப்பே கேள்வி கேட்டது. "அப்பாவுக்குச் சுகமில்லை என்று தெரிந்ததும் ஏன் திரும்பிப் போனாய்?" என்று ஒருத்தி கேட்டபோது அவன் வெகுநேரம் யோசித்தான். முதல் அத்தியாயத்து உபாலியும் அந்த உபாலியும் ஒரே ஆள்தானா என்ற பேச்சு மணி அடித்த பிறகும் நிற்கவில்லை. வாசிப்பு வரும்போது வாய்மூடி இருக்கிற பிள்ளைகள் அன்று பேசினார்கள். இவற்றைத்தான் "நேரத்தை வீணாக்கும் விளையாட்டு" என்று என் பாடக்குறிப்பில் எழுதிவிட்டுப் போனீர்கள்.

ஐயா, ஆளைப் பார்க்குமுன் அவனுக்கு ஒரு சொல்லை ஒட்டுவதால் என்ன நடக்கும் என்று மலையகத்துப் பிள்ளைகளுக்கு நாம் படிப்பிக்க வேண்டியதில்லை. 'மடொல் தூவ' வந்த 1947இல் நம் மக்கள் வாக்களித்து, தலவாக்கலையிலிருந்து சி.வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். அடுத்த வருஷமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. காடழித்துத் தேயிலை நட்டவர்களின் செயலை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை; ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லை இன்றும் பஸ்ஸில் கேட்டுவிட்டு வருகிற பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். 'சான்று எங்கே?' என்று கேட்கும் பழக்கத்தை அவர்களுக்கு ஒரு நாவல் கற்றுக்கொடுக்க முடியும். நான்கு பண்புகளைப் பாடமாக்கி ஒப்புவிக்கச் சொல்லும் குறிப்பால் அது முடியாது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் எங்கள் தாய்மார் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தராசைப் பார்க்காமல் யாரும் கூடையை எடுப்பதில்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும். ஆனால் நிறுக்காமலே அரைப்பேர் போட்டால் எந்தத் தாயும் சும்மா போகமாட்டாள். என் மாணவியின் விடையை நீங்கள் நிறுத்துப் பார்க்கவில்லை. குறிப்பில் அந்தச் சொல் இல்லை என்று மட்டும் பார்த்தீர்கள்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. பாத்திரப் பண்பு கேட்கும் வினாவில் பாதிப் புள்ளியாவது நூலிலிருந்து காட்டும் சான்றுக்கு இருக்கட்டும். புள்ளித் திட்டத்தில் "பொருத்தமான வேறு விடைகளும் ஏற்கப்படும்" என்ற ஒரு வரியைச் சேருங்கள். சேர்த்த பிறகு அதை மதியுங்கள். முப்பது பிள்ளைகளுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும்போது, நூலைப் படிக்காமல் குறிப்பைப் படிப்பது அவர்களுடைய குற்றமல்ல. நமக்கு வேண்டியது இன்னும் பத்துப் பிரதிகள். வாரத்தில் ஒரு பாடவேளையாவது கதிரையைப் போட்டுப் பேச விடுங்கள்.

இறுதியாக ஒன்று. அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அவள் சொன்னது தவறென்று தோன்றினால், நாவலைத் திறந்து எந்த இடத்தில் தவறென்று அவளுக்குக் காட்டுங்கள். அவள் கேட்டுக்கொள்வாள். சரியென்று தோன்றினால், வெட்டிய புள்ளியை உங்கள் கையாலேயே திரும்பப் போட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைத் தமிழாசிரியை