9-ம் வகுப்புக்கும் ராக்கெட் வாசல்!

ராக்கெட் விஞ்ஞானியிடம் பள்ளிக்கூடப் பையன் பாடம் கேட்க முடியுமா? முடியும்! 'இஸ்ரோ' 2019-ல் தொடங்கிய 'யுவிகா' திட்டம், 9-ம் வகுப்பு மாணவ-மாணவிகளுக்கானது. சுமார் 2 வாரப் பயிற்சி. ரெயில் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இஸ்ரோ பொறுப்பு. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிச் சலுகையும் உண்டு.

அப்புறம் என்ன குறை? சேதி போய்ச் சேர வேண்டுமே! விண்ணப்பம் இன்டர்நெட்டில்தான். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை முந்திக்கொள்ளும். இட்லிக் கடைக்காரர் மகளுக்கு யார் சொல்வது? கடைசித் தேதி போன பிறகு தெரிந்து என்ன பிரயோசனம்?

தலைமை ஆசிரியர்களே! அறிவிப்பு வந்த அன்றே பிரேயரில் வாசியுங்கள். விண்ணப்பத்தைப் பள்ளிக்கூடத்திலேயே போட்டுக் கொடுங்கள். இதற்குக் காசு வேண்டாம், அக்கறை போதும்!