அளவு அளந்து வரணும், டைப் அடித்து வரக்கூடாது

பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் டிராயிங் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சங்ககிரியில் வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் பழைய மாணவர்களும், அவர்கள் பிள்ளைகளும் வரைபடத்தோடு வருவது நிற்கவில்லை. முன்பு சுருட்டிய ஷீட்டோடு வருவார்கள், இப்போது லேப்டாப்போடு வருகிறார்கள். அதில் பாதி பிசிபி டிசைன். பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை, அதனால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். மாணவர்களைவிட, அவர்களுக்கு லேப் எடுக்கும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பலகையின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளவுக்கோடு போடுகிறார்கள். மென்பொருள் அளந்து 99.97 என்று காட்டுகிறது. வர வேண்டியது 100. பையன் என்ன செய்கிறான்? அளவுக்கோட்டைத் தொட்டு, கீபோர்டில் 'இ' தட்டி, ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, 'ஓவர்ரைடு வேல்யூ' என்ற கட்டத்தில் டிக் போட்டு, 100.00 என்று டைப் அடிக்கிறான். படம் அழகாகிவிட்டது. பலகை அதே 99.97 தான்.

"0.03 தானே சார், வெட்டுற மெஷினே அதைவிட அதிகம் விடுமே" என்கிறார்கள். உண்மை. வெட்டும்போது 0.1, 0.2 மில்லிமீட்டர் பிசகுவது சகஜம். நான் அந்த 0.03-க்காகச் சண்டை போடவில்லை. அந்த 99.97 ஒரு தகவல். "உன் ஓரக்கோடு கிரிட்டில் உட்காரவில்லை, கையால் இழுத்து ஏதோ ஓரிடத்தில் விட்டிருக்கிறாய்" என்று மென்பொருள் சொல்கிறது. சொன்னவன் வாயை மூடிவிட்டு, நாமே பதில் எழுதிக்கொள்கிறோம். 0.03-ஐ மறைக்கும் அதே டிக், நாளைக்கு ஒன்றரை மில்லிமீட்டரையும் மறைக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் பயன்படுத்துவது கீகேட். இலவசம். 1992-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ழான்-பியர் ஷராஸ் என்பவர் ஆரம்பித்தது. அவரும் ஒரு ஆசிரியர்தான். பிறகு செர்ன் ஆய்வகம் கைகொடுத்தது. நம் ஐஐடி பம்பாயின் ஃபாஸி குழு தரும் ஈசிம் மென்பொருளும் இதன்மேல்தான் நிற்கிறது. நல்ல கருவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் அளவுக்கோடு துளையோடு கட்டப்பட்டதல்ல. துளையை நகர்த்தினால் கோடு பழைய இடத்திலேயே நிற்கும். நாம்தான் கோட்டின் முனையைப் பிடித்து இழுத்து, துளையின் நடுவில் ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டியதும் எண் தானாக மாறும். ஓவர்ரைடு போட்டிருந்தால்? முனையை எங்கே இழுத்தாலும் எண் அசையாது. பார்ப்பவன் கண்ணுக்குக் கோடு சரி, துளை சரி, எண் மட்டும் பொய்.

என்னிடம் படித்த ஒருவரின் மகனுக்கு இதுதான் நடந்தது. கோழிப்பண்ணை ஷெட்டுக்கு வெப்பநிலை கன்ட்ரோலர் செய்யும் ஒரு சிறு பட்டறையில் வேலை. பெட்டியில் திருகுத் தூண்கள் 90 மி.மீ. இடைவெளியில். படத்திலும் 90.00. நடுவில் ரிலேவுக்கு இடம் போதாமல் துளையை 1.5 மி.மீ. உள்ளே தள்ளினான். கோட்டையும் இழுத்து ஒட்டினான். எண் மாறவில்லை, ஏனென்றால் அது முதல் நாளே டைப் அடித்த எண். வந்தது இருநூறு பலகை. எலிவால் அரம் வைத்துத் துளைகளை ராவினார்கள். ராவியதில் துளை ஓரத்துச் செம்புத் தடம் சிலவற்றில் அறுந்தது. பையனுக்கு வேலை போயிற்று.

அவனைக் கேட்டேன், "கண்ணு, இந்தப் பழக்கம் எங்கே வந்தது?" என்று. "லேப்ல சார்தானுங்க சொன்னாரு, எக்ஸ்டர்னல் வர்றப்ப வேல்யூ ரவுண்டா இருக்கணும்னு" என்றான்.

இங்கேதான் எனக்குக் கோபம். இது மென்பொருள் கொண்டுவந்த வியாதி அல்ல. ரெக்கார்டு நோட்டில் ரீடிங்கைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு நிரப்பினோமே, அந்த வியாதிதான். வெர்னியரைத் தொடாமலே நாலு ரீடிங், அதற்கொரு சராசரி, கீழே ஒரு சிவப்பு டிக். அந்த டிக்கும் இந்த டிக்கும் ஒன்றுதான்.

பழைய டிராயிங் போர்டு காலத்தில் இதற்கு ஒரு ஒழுக்கம் இருந்தது. இந்தியத் தர நிறுவனத்தின் எஸ்.பி. 46 என்ற கையேடு 1988-இல் வந்து, 2003-இல் திருத்தப்பட்டது. பள்ளி, கல்லூரிகளுக்கான வரைபட நடைமுறை அது. அதில் ஒரு விதி: எழுதிய அளவு, வரைந்த நீளத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த எண்ணின் அடியில் தடித்த கோடு போட வேண்டும். "இந்த எண்ணும் படமும் ஒன்றல்ல, ஜாக்கிரதை" என்று அடுத்தவனுக்குச் சொல்லும் நேர்மை அது. ஓவர்ரைடு போட்டால் அந்தக் கோடு தானாக விழாது. நீங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் பையன் போடுவான். எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

அடுத்து ஒரு கூட்டம் சொல்கிறது: "சார், பலகை செய்யுறவங்க கெர்பர் ஃபைலைத்தான் எடுத்துக்குவாங்க. அளவு எழுதுறதே வேஸ்ட்." தம்பி, கெர்பர் இயந்திரத்துக்கு. அளவுக்கோடு மனிதனுக்கு. பெட்டிக்கு அச்சு செய்பவர், பேனலில் துளை போடுபவர், வந்த பலகையை காலிபர் வைத்துச் சோதிப்பவர், இவர்கள் பார்ப்பது படத்தை. எந்த அளவு முக்கியம், எதிலிருந்து அளக்க வேண்டும், எவ்வளவு பிசகலாம் என்பதைப் படம்தான் அவர்களுக்குச் சொல்லும்.

எதிலிருந்து அளக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து துளைகளை ஒன்றிலிருந்து அடுத்தது என்று சங்கிலியாக அளவிட்டால், நாலு இடைவெளிக்கும் தலா 0.1 பிசகு என்றாலும் கடைசித் துளையில் 0.4 ஆகலாம். எல்லாவற்றையும் ஒரே மூலையிலிருந்து அளவிட்டால் பிசகு சேராது. அலகும் அப்படியே. நாம் 1956-லேயே சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறியவர்கள். ஆனால் எலக்ட்ரானிக்ஸில் அங்குலத்தின் வால் இன்னும் போகவில்லை. பின் இடைவெளி 100 மில், அதாவது 2.54 மி.மீ. அதை 2.5 என்று வைத்தால் முதல் இரண்டு பின்னுக்கு ஒன்றும் தெரியாது. இருபது பின் வரிசையில் பத்தொன்பது இடைவெளி, 0.76 மி.மீ. தள்ளிப்போகும். கனெக்டர் உள்ளே போகாது.

நம்ம ஊர் பக்கம் லாரிக்கு பாடி கட்டுபவர்களைப் பாருங்கள். சேஸிஸ் மேல் டேப் வைத்து அளக்காமல் ஒரு ஆங்கிளை வெட்டுவாரா அந்த மேஸ்திரி? "ரவுண்டா இருக்கட்டும்" என்று இருபது அடி எழுதிக்கொள்வாரா? அவர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்தவனுக்கு அந்த ஒழுக்கத்தை நாம் தரவில்லை என்றால், யார் மேல் குற்றம்?

ஆசிரியர்களே, நான் கேட்பது பெரிய விஷயமல்ல.

1. ஓரக்கோட்டையும் துளைகளையும் கண்ணளவில் இழுத்து வைக்க விடாதீர்கள். ஆயத்தொலைவை எண்ணாகக் கொடுக்கச் சொல்லுங்கள். 99.97 வரவே வராது.

2. அளவுக்கோடுகளை 'எட்ஜ் கட்ஸ்' லேயரில் போட விடாதீர்கள். அது பலகையை வெட்டும் கோட்டுக்கான லேயர். அளவுக்கோட்டையும் வெட்டச் சொன்னதாக ஆகிவிடும். வரைபடத்துக்குத் தனி லேயர் இருக்கிறது.

3. தசமம் அதிகம் தெரிந்தால், 'பிரிசிஷன்' இடத்தில் குறைத்துக்கொள்ளலாம். அது நேர்மையான வழி. ஓவர்ரைடு வேண்டாம். தவிர்க்க முடியாத இடத்தில் எண்ணுக்கு அடியில் கோடு.

4. மதிப்பெண் போடும்போது நாலு அளவுகளை நீங்களே தொட்டுப் பாருங்கள். டிக் இருந்தால் அந்த ஷீட்டுக்குப் பூஜ்யம்.

"போர்ஷன் முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். தெரியும், நானும் அதே மணி அடித்த கட்டடத்தில் இருந்தவன்தான். நாலு அளவைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். விசைத்தறிக்கும், போர்வெல் ரிக்குக்கும், கோழி ஷெட்டுக்கும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளே பலகை போடும் காலம் வந்திருக்கிறது. அவர்கள் எழுதும் எண்ணை நம்பி இன்னொருவர் துளை போடப் போகிறார். அந்த நம்பிக்கைக்கு நாம்தான் ஜவாப்தாரி.

மறுப்பவர்கள் கமெண்டில் தாராளமாக வாருங்கள். வரும்போது நீங்கள் மார்க் போட்ட ஒரு ஃபைலையும் திறந்து, அதில் எத்தனை டிக் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.