சோளக் காணிக்கூடாக ஓர் எரிவாயுக் குழாய்

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்ரர் என்றொரு மாவட்டம் உண்டு. நல்ல மண், தலைமுறை தலைமுறையாகக் கமம் செய்யும் பூமி. அங்கே கொலம்பியா என்னும் சிறு பட்டணத்தின் அருகில் கிறிஸ்துவின் திரு இரத்த ஆராதனைச் சபைக் கன்னியருக்குச் சொந்தமான காணியொன்று இருக்கின்றது. அவ்வூர்க் கமக்காரர் ஒருவர் அதனைக் குத்தகைக்கு எடுத்துச் சோளன் பயிரிட்டு வந்தார். அக்காணிக்கூடாக இயற்கை எரிவாயுக் குழாயொன்றைக் கொண்டுசெல்ல வில்லியம்ஸ் என்னும் கம்பனி திட்டமிட்டது. பணம் தருவதாகச் சொல்லியும் சகோதரிகள் இணங்கவில்லை. 2017 யூலையில், குழாய் செல்லவிருந்த பாதையிலேயே மரவாங்குகளை இட்டு ஒரு திறந்தவெளிச் சிற்றாலயம் அமைத்துச் செபித்தனர். ஆயினும் குழாய் தாழ்க்கப்பட்டது. 2018 ஒக்டோபர் முதல் அதனூடாக எரிவாயு ஓடுகின்றது.

காணி என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறும் எமது மக்களுக்கு, செல்வந்த நாடொன்றின் காணிக்காரருக்கு நேர்ந்த இக்கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கின்றேன். பலம் உள்ளவன் காணியைக் கேட்கும் முறையில் நாட்டுக்கு நாடு அவ்வளவு வேறுபாடு இல்லை.

இந்த எரிவாயு எங்கிருந்து வந்தது? நிலத்தின் கீழே ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில், களிமண் இறுகி உண்டான 'ஷேல்' என்னும் பாறைப் படை உள்ளது. வாயு அதற்குள் சிறைப்பட்டிருப்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். இலாபமாக எடுக்கும் வழிதான் தெரியவில்லை. ரெக்சாஸ் மாநிலத்தில் ஜோர்ஜ் மிச்சல் என்பவருடைய கம்பனி 1990களின் இறுதியில் அதற்கு வழி கண்டது. தண்ணீரையும் மணலையும் சில இரசாயனங்களையும் பெரும் அமுக்கத்துடன் செலுத்திப் பாறையை வெடிக்கச் செய்வார்கள். வெடிப்புகள் மூடிவிடாதபடி மணல் தாங்கிப் பிடிக்கும். வாயு கசிந்து மேலே வரும். பின்னர் துளையைக் கீழே கொண்டுபோய்ப் பாறைக்குள் கிடையாகத் திருப்பும் முறையும் இதனோடு சேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க எரிவாயுவில் ஷேல் வாயு மிகச் சொற்பம். இன்று நான்கில் மூன்று பங்குக்கு மேல். 2009இல் அந்நாடு எரிவாயு உற்பத்தியில் ரஷ்யாவை முந்தியது. 2016இல் லூயிசியானாவின் சபீன் பாஸ் துறையிலிருந்து திரவமாக்கப்பட்ட ஷேல் வாயுவுடன் கப்பல்கள் புறப்படத் தொடங்கின. 2023இல் திரவ எரிவாயு ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது.

நன்மை எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரியை எரித்த மின்நிலையங்கள் பல எரிவாயுவுக்கு மாறியதால் அந்நாட்டின் புகை கணிசமாகக் குறைந்தது. ஆனால் எரியாமல் கசியும் மெதேன் வாயு, இருபது ஆண்டுக் காலத்தில் கரியமில வாயுவைவிட எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். குழாய் கூடக்கூடக் கசிவுக்கான இடமும் கூடும்.

எமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நீங்கள் வயலுக்கு வீசும் யூரியா பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தே செய்யப்படுகின்றது. எரிவாயு விலை ஏறினால் பசளை மூடையின் விலையும் ஏறும். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து வயல்கள் மஞ்சளாகிப் போனதும், தடை நீங்கிய பின்னர் 2022இல் மூடையின் விலையைத் தொட முடியாமற் போனதும் எவருக்கும் மறந்திருக்காது. முன்னையது எமது அரசின் வேலை. பின்னையதில் ரூபாயின் வீழ்ச்சியோடு உலக எரிவாயுச் சந்தைக்கும் யுக்கிரேன் போருக்கும் பங்கிருந்தது.

பென்சில்வேனியாவுக்குத் திரும்புவோம். அங்கே நிலத்தடி வாயுவுக்கும் காணிக்காரரே உரித்தாளராக இருக்கலாம். எமது நாட்டில் நிலத்தடிக் கனியம் அரசுக்கு உரியது. ஆகவே கம்பனி முகவர்கள் வீடு வீடாக வந்து ஒப்பந்தம் எழுதினார்கள். கடனில் இருந்த பாற்பண்ணைக்காரர் பலர் கையெழுத்திட்டனர். முதலில் எழுதியவர்களுக்கு ஏக்கருக்குச் சில பத்து டொலர். விடயம் விளங்கிக் காத்திருந்தவர்களுக்கு ஆயிரக்கணக்கில். விளைவின் எட்டில் ஒரு பங்கு காணிக்காரருக்குச் சேர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கின்றது. ஆனால் வாயுவைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு கொடுக்கலாம் என்று மாநில உயர் நீதிமன்றம் 2010இல் தீர்த்தது. டிமொக் என்னும் கிராமத்தில் 2009இன் முதல் நாளன்று ஒரு வீட்டுக் கிணறு வாயு சேர்ந்து வெடித்தது. அவ்வூர் மக்களுக்குக் குழாய்நீர் அமைக்க 16.29 மில்லியன் டொலர் கொடுக்கக் கம்பனி இணங்கியது 2022 நவம்பரில். கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் எவருக்கும் பதின்மூன்று வருடம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

குழாயின் கதை இதிலும் வேறு. கிணறு தோண்டுவதற்காவது கையெழுத்து வேண்டும். குழாய்க்கு அதுவும் வேண்டியதில்லை. 1938ஆம் ஆண்டின் இயற்கை எரிவாயுச் சட்டத்தில் 1947இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. அதன்படி, மத்திய எரிசக்தி ஆணைக்குழுவின் சான்றிதழ் கிடைத்துவிட்டால், இணங்காத காணிக்காரரின் நிலத்தில் பாதையுரிமையைத் தனியார் கம்பனியே நீதிமன்றத்தினூடாக எடுத்துக்கொள்ளலாம். நட்டஈட்டுத் தொகை பின்னர் முடிவாகும். இயந்திரம் முன்னரே காணிக்குள் நிற்கும். உறுதி உங்கள் பெயரில்தான் இருக்கும். அந்தக் கீலத்தின் மேல் வீடு கட்டவோ மரம் வைக்கவோ முடியாது. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்ட ஆகாபு அரசனும் முதலில் நல்ல விலைதான் பேசினான்.

சகோதரிகள் நீதிமன்றம் சென்றனர். படைப்பைக் காப்பது தமது விசுவாசத்தின் பகுதி என்றும், அதைக் குழாய் மீறுகின்றது என்றும் வாதிட்டனர். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'லௌதாத்தோ சீ' சுற்றுமடல் அவர்களுக்குப் பக்கபலமாக இருந்தது. தோற்றார்கள். 2018 யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன காரணம் விசுவாசத்தைப் பற்றியதன்று: ஆணைக்குழு விசாரித்த காலத்தில் இந்த ஆட்சேபத்தை அங்கே முன்வைக்கவில்லை, ஆகையால் இப்போது கேட்க முடியாது. 2019இல் அதியுயர் நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. சகோதரிகளின் துணிவுக்குத் தலைவணங்குகின்றேன். ஆனாலும் சிற்றாலயத்தோடு ஒரு ஆட்சேபக் கடிதமும் உரிய காலத்தில் போயிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். செபமும் கடிதமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கடிதம் போட்டவர்களுக்கும் நீதி இலகுவில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே குழாயை எதிர்த்த லங்காஸ்ரர் வீட்டுக்காரர் சிலர் முறைப்படி ஆணைக்குழுவிடம் மறுவிசாரணை கேட்டனர். முப்பது நாட்களில் பதில் வேண்டும் என்பது சட்டம். ஆணைக்குழுவோ 'ஆராய அவகாசம் தேவை' என்று ஒரு கட்டளையை எழுதிவிட்டு, மறுவிசாரணை முடியுமுன்னரே வேலை தொடங்க அனுமதித்தது. பதில் வரும்வரை அவர்கள் நீதிமன்றம் போகவும் முடியாது. இவ்வழக்கம் சட்டவிரோதம் என்று வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 யூனில் தீர்த்தது. குழாயில் அப்போது ஒன்றரை வருடத்துக்கு மேலாக வாயு ஓடிக்கொண்டிருந்தது. தீர்ப்பு பின்னால் வருவோருக்கு உதவிற்று. கேட்டவர்களின் காணியிலிருந்து குழாயை அகற்றவில்லை.

எமது 1950ஆம் ஆண்டுக் காணி சுவீகரிப்புச் சட்டத்திலும் ஆட்சேபிக்கக் காலம் உண்டு. ஆகக் குறைந்தது பதினான்கு நாட்கள். அவசரம் என்று அமைச்சர் கட்டளையிட்டால் காணி முன்னரே கைமாறிவிடலாம். 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு அறிவித்தல் ஒட்டப்பட்டபோது உரிமையாளர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தனர். இருந்தும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றனர். 2025 மார்ச் 28இல் வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றி வெளியான வர்த்தமானி, உரிமை கோர மூன்று மாதம் மட்டுமே கொடுத்தது. எதிர்ப்பு எழுந்ததால் அது நின்றது. உறுதி எரிந்து போனவரும் தோம்புப் பிரதி எடுக்க வழியற்றவரும் மூன்று மாதத்தில் என்ன செய்வார்?

மன்னார்க் கடற்படுகையிலும் 2011இல் எரிவாயு கண்டறியப்பட்டது. இது ஷேல் வாயு அல்ல, கடலடி வாயு. தேடிய கம்பனி 2015இல் விலகியது. வாயு இன்னும் எடுக்கப்படவில்லை. என்றோ ஒருநாள் எடுத்தால், அது கரையேறுவதற்கு ஒரு கடற்கரையும் நிலத்தினூடாக ஒரு பாதையும் வேண்டும். அக்கரையோரத்து மக்கள் இப்போதே தமது உறுதி, அனுமதிப்பத்திரம், பழைய வரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பின் பிரதி ஆகியவற்றைத் தேடி எடுத்து, இரண்டு பிரதிகள் செய்து, ஒன்றை வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கலாம்.