ஊர் பேர் தெரியாத கற்கள்

2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியப்போகிறது என்று ஒரு பீதி கிளம்பியதே, நினைவிருக்கிறதா? மாயா காலண்டர் அன்றோடு முடிகிறது என்றார்கள். அதே ஆண்டில், அந்தத் தேதியைக் குறிப்பிடும் மாயா கல்வெட்டு ஒன்று குவாதமாலா காட்டில் கிடைத்தது. இடத்தின் பெயர் லா கொரோனா. ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தேடி அலைந்த ஊர் அது!

1960-களில் வெளிநாட்டு மியூசியங்களிலும் பணக்காரர்களின் வீடுகளிலும் அழகழகான மாயா சிற்பங்கள் தலைகாட்டத் தொடங்கின. எல்லாம் காட்டுக் கோயில்களில் திருடப்பட்டவை. முழுக் கல்லையும் தூக்க முடியாததால், செதுக்கிய முகப்பை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்தார்கள். எந்த ஊரில் எடுத்தது என்று மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

ஆனால், கற்களே பேசின. அவற்றில் இருந்த எழுத்துகளை ஒப்பிட்ட பீட்டர் மேத்யூஸ் என்ற மாணவர், பல கற்களில் ஒரே ஆட்களின் பெயர்களும் பாம்புத் தலைச் சின்னமும் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். அப்படியானால் எல்லாம் ஒரே ஊர்! ஸ்பானிஷ் மொழியில் 'கே?' என்றால் 'என்ன?'. அந்தக் கேள்வியையே பெயராக்கி 'சைட் கியூ' என்றார்.

1997-ல் இயன் கிரஹாமும் டேவிட் ஸ்டூவர்ட்டும் லா கொரோனாவுக்குப் போனார்கள். அங்கே மிஞ்சிக் கிடந்த கற்களில் அதே பெயர்கள்! 2005-ல் மார்செல்லோ கனுட்டோ, கோயிலில் வைத்த இடத்திலேயே இருந்த பலகைக்கல் ஒன்றைக் கண்டார். 140-க்கும் மேற்பட்ட எழுத்துகள். சந்தேகம் தீர்ந்தது. சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் பந்தாட்டக்காரர்கள் சிற்பம் போன்றவற்றுக்கு ஒருவழியாக ஊர் கிடைத்தது.

சரி, 2012 கல் என்ன சொல்கிறது? உலக அழிவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 695-ல் டிக்கால் நகரத்திடம் போரில் தோற்ற பாம்பு வம்ச அரசர், மறு ஆண்டு லா கொரோனாவுக்கு வந்திருக்கிறார். பல நூற்றாண்டுகள் தள்ளி வரப்போகும் அந்தப் பெரிய நாளோடு தன் பெயரைச் சேர்த்து எழுதவைத்திருக்கிறார். தோற்ற பிறகும் தான் நிலைத்திருப்பதாகக் காட்ட வேண்டுமே!

இவ்வளவையும் சொன்னது, திருடர்கள் விட்டுவிட்டுப் போன ஒரு படிக்கட்டின் கல். கண்ணாடிப் பெட்டிக்குள் போன கற்களுக்கு இப்போது ஊர் தெரியும். எந்தப் படியில், எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தன என்பது அறுத்தவர்களோடு போய்விட்டது.