மிச்சம் 3 பூச்சிகள்தான்: மான்செஸ்டர் மியூசியம் சொல்லும் பாடம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் மியூசியத்தில், ஊசி குத்திய ஒரு சின்ன அந்துப்பூச்சி இருக்கிறது. அந்த இனத்தில் உலகம் முழுக்க மிஞ்சியிருப்பது 3 மாதிரிகள்தான். மற்ற இரண்டில் ஒன்று லண்டனில், இன்னொன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில். 1829-க்குப் பிறகு இதை உயிரோடு யாரும் பிடித்ததில்லை.

செத்துப்போன பூச்சிக்கு இவ்வளவு பில்டப் தேவையா? தேவைதான். ஏன் என்று பார்க்கலாம்.

என்ன நடந்தது?

ராபர்ட் கிரிப் என்பவருக்குப் பூச்சி சேகரிப்பது பொழுதுபோக்கு. 1829-ல் மான்செஸ்டரை ஒட்டிய கெர்சல் மூர் என்ற புல்வெளியில், உளுத்துப்போன மரம் ஒன்றின் பக்கத்தில் இந்தப் பூச்சியைப் பார்த்தார். சுமார் 50 பூச்சிகளைப் பிடித்தார். அவற்றில் சிலவற்றை உட் என்ற நண்பருக்குக் கொடுத்தார். உட் அதை ஜான் கர்ட்டிஸ் என்ற பூச்சியியல் அறிஞருக்கு அனுப்ப, அவர் உட் பெயரையே பூச்சிக்கு வைத்துவிட்டார். கண்டுபிடித்தவர் பெயர் எங்கேயும் இல்லை. போதாக்குறைக்கு, வெளிநாட்டுப் பூச்சியைக் காட்டி கிரிப் ஏமாற்றுகிறார் என்றும் பேச்சு கிளம்பியது.

மனம் வெறுத்த கிரிப் சேகரிப்பதையே விட்டுவிட்டார். கடனுக்கு ஈடாக வைத்திருந்த பெட்டியை மீட்கப் போனபோது, அது ஏற்கெனவே எரிக்கப்பட்டிருந்தது என்று சொல்லப்படுகிறது.

பூச்சியைவிட லேபிள் முக்கியம்

மியூசியத்தில் ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே ஒரு குட்டிச் சீட்டு இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி, பிடித்தது யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தச் சீட்டு தொலைந்தால், பூச்சி வெறும் அலங்காரப் பொருள்.

இதற்கும் மான்செஸ்டரிலேயே உதாரணம் உண்டு. அங்கே வெளிர் நிறத்தில் இருந்த இன்னொரு வகை அந்துப்பூச்சியில், 1848-ல் ஒரு கறுப்புப் பூச்சி சிக்கியது. 1895-ல் அந்தப் பகுதியில் 98 சதவீதம் கறுப்பு! ஆலைப் புகையால் மரங்கள் கறுத்தன. வெளிர் பூச்சிகள் பளிச்சென்று தெரிந்ததால் பறவைகளுக்கு இரையாயின. 1956-ல் சுத்தமான காற்றுக்கான சட்டம் வந்த பிறகு வெளிர் நிறம் மெல்லத் திரும்பியது. பரிணாமப் பாடத்தில் இன்றும் சொல்லப்படும் இந்தக் கதைக்கு ஆதாரம், யாரோ சிலர் பூச்சியைப் பிடித்து ஊரையும் தேதியையும் எழுதி வைத்ததுதான்.

மான்செஸ்டர் மியூசியமே அப்படிப் பிறந்ததுதான். ஜான் லீ பிலிப்ஸ் என்ற ஜவுளி முதலாளியின் சேகரிப்பை வாங்குவதற்காக, 1821-ல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் சேகரிப்பிலிருந்து வளர்ந்ததே இன்றைய மியூசியம். தலைநகரத்துப் பெரிய மியூசியம் உலகம் முழுக்கப் பூச்சி சேர்க்கும். ஒரே ஊரின் பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பது உள்ளூர் மியூசியத்தின் வேலை.

நம்ம ஊர் மான்செஸ்டரில்?

‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்ற பெயர் கோவைக்கு ஜவுளி ஆலைகளால் வந்தது. பூச்சி விஷயத்திலும் அந்த ஊருக்கு வரலாறு உண்டு. கோவையில் அரசுப் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிட்ஜ் பிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914-லேயே பெரிய புத்தகம் வெளியிட்டார். 2018-ல் வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அதே 2018-ல்தான் மக்காச்சோளப் படைப்புழுவும் இந்தியாவுக்குள் வந்தது. ஒரு புழுவைப் பார்த்து ‘இது புதுசு’ என்று சொல்ல, பழசு எது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழசு, லேபிளோடு டிராயரில் இருக்க வேண்டும்.

இனி என்ன?

கிரிப்பின் பெட்டி ஒரே நாளில் எரிந்தது. மியூசியப் பெட்டிகள் அழியத் தீ வேண்டாம். ஈரப்பதம், பூஞ்சை, காய்ந்த பூச்சிகளைத் தின்னும் குட்டி வண்டுகள், கவனிக்க ஆளில்லாத சில ஆண்டுகள் போதும்.

திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் வெளிச்சம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. பூச்சி சேகரிப்பு உள்ள ஒவ்வொரு மியூசியத்திலும் பூச்சி தெரிந்த ஒருவருக்கு நிரந்தர வேலை இருக்க வேண்டும். ஒவ்வொரு லேபிளையும் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். பட்ஜெட்டில் இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. டிராயரில் இருப்பது தொலைந்தால், எவ்வளவு செலவழித்தாலும் திரும்ப வாங்க முடியாது.