பிள்ளைகளை மேடையிலிருந்து இறக்குவோம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் ஏதாவது ஒரு பள்ளிக்குள் நுழைந்து, "நாடகம் போடலாமா?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நாடகம் தயாராகிவிடும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா கடைசிக் காட்சியில் திருந்துவார். மரம் வெட்டியவர் மரம் நடுவார். அதுவும் இல்லையென்றால் பாலாறு. நாலைந்து பேர் வரிசையாக நின்று கையை உயர்த்தி, 'பாலாற்றைக் காப்போம்' என்று ஒரே குரலில் முடிப்பார்கள். ஆசிரியர் நெகிழ்ந்துபோவார். இதையே விழாவில் போட்டுவிடலாம் என்பார் தலைமையாசிரியர்.

இந்தப் பகுதியில் சிறுவர் நாடகப் பட்டறை நடத்துகிறவர்களுக்கு முதல் வேலை, இந்தத் தயார் நாடகங்கள் தீர்ந்துபோகும்வரை காத்திருப்பது. பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்று பிள்ளைகள் சரியாகவே கணித்துவைத்திருக்கிறார்கள். அந்தக் கணிப்பைத்தான் நமக்கு நடித்துக் காட்டுகிறார்கள்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வீதி நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனது. எழுத்தறியாத பெரியவர்களைப் படிக்க அழைக்க அன்று அது தேவைப்பட்டது. பிறகு சுகாதாரம், சாலைப் பாதுகாப்பு, தேர்தல் என்று ஒவ்வொரு துறையும் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டது. 'விழிப்புணர்வு நாடகம்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நடிக்க ஆள் தேடியபோது கைக்கெட்டும் தூரத்தில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் ஆலைகளின் கழிவு, நீரையும் நிலத்தையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் 'பாலாற்றைக் காப்போம்' என்று முழங்கும் பிள்ளையின் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறார். அம்மா விடிந்தும் விடியாமலும் ஷூ கம்பெனி வண்டி ஏறுகிறார். வீட்டுக்கு அரிசி வருவதும் அங்கிருந்துதான், கிணறு கெட்டதும் அதனால்தான். இந்தச் சிக்கல் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். முழக்கத்தில் அதற்கு இடமில்லை.

பேச்சே இல்லாமல், 'உங்கள் வீட்டில் காலை ஆறு மணி' என்று மட்டும் கொடுத்துப் பாருங்கள். முதலில் சிரிப்பு. பிறகு, "டயலாக் எப்பண்ணா குடுப்பீங்க?" என்ற கேள்வி. டயலாக் கிடையாது என்று தெரிந்ததும் கைகள் வேலை செய்யத் தொடங்கும். ஒருத்தி தங்கைக்குச் சடை பின்னுவாள். கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டதும் பின்னல் பாதியில் நிற்கும். ஒரு பையன் அம்மாவாக மாறி, ஷூவின் மேல்தோலை மிஷினில் திருப்பித் திருப்பித் தைப்பான். ஏழெட்டுப் பேர் கைகோத்துத் தோல் ஷாப்பு டிரம்மாகச் சுழல்வார்கள். உள்ளே ஒருவன் தோலாக உருள்வான். இதில் எதையும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. டிரம்மிலிருந்து வெளியேறும் தண்ணீராக யார் நடிப்பது, அது எங்கே போய் நிற்பது என்று அவர்களுக்குள் சண்டை மூளும். பாலாறு நாடகத்துக்குள் வருவது அந்தச் சண்டையில்தான்.

அந்த நேரத்தில் அறையில் பார்வையாளர் என்று எவரும் இல்லை. இருந்திருந்தால் அந்தச் சண்டையை நாமே அதட்டி அடக்கியிருப்போம்.

பார்வையாளர் இல்லாத இந்த நாடகத்துக்காக முன்பே வாதாடியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் நாடகக் கல்வியாளர் பீட்டர் ஸ்லேட் 1954இல் வெளியிட்ட 'சைல்ட் டிராமா' நூலில், பிள்ளைகளின் நாடகம் தனிக் கலை என்றார். சின்னஞ்சிறு பிள்ளைகளை மேடையேற்றிக் காட்டுவது அதைக் கெடுக்கும் என்று வாதாடினார். அமெரிக்க நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின், சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தில் நீவா பாய்டிடம் பயின்றவர். குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த நகரத்தின் பிள்ளைகளோடு வேலை செய்து அவர் உருவாக்கிய விளையாட்டுகள் 1963இல் நூலாயின. அவற்றுள் ஒன்று, அர்த்தமில்லாத ஒலிகளாலேயே பேசிக்கொள்வது.

ஆம்பூரில் அந்த விளையாட்டுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. இங்கே ஒரே தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் புழங்குகின்றன. மேடை நாடகம் என்றால் தமிழைத் திருத்தமாக உச்சரிக்கிற பையனுக்கு அரசன் வேடம். 'ழ' வராத பிள்ளை வாயிற்காவலன், கறுத்த பிள்ளை வேலைக்காரன். சாதி கேட்காமலேயே சாதி பார்த்து வேடம் பிரிப்பது பள்ளிகளில் சாதாரணமாக நடக்கிறது. சொற்களை எடுத்துவிட்டு வேடங்களைச் சுழற்சியில் விட்டால், இந்த வரிசை கலைந்துபோகிறது. இன்னொன்றும் உண்டு. மகள் மேடையில் ஆடுவதற்குச் சம்மதிக்காத வீடுகள் எல்லாச் சமூகங்களிலும் இருக்கின்றன. பூட்டிய வகுப்பறைக்குள் தோழிகளோடு விளையாட அவை தடை சொல்வதில்லை. மேடை வெளியே நிறுத்தும் பெண்பிள்ளைகளை அறை உள்ளே அழைத்துக்கொள்கிறது.

எல்லாவற்றையும் சிகாகோவிலிருந்து வாங்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காடு கூத்து வாழும் மண். தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை செய்யாறு பக்கம்தான் இருக்கிறது. அரசன் கொலுவில் நின்றுகொண்டே அரசனைக் கிண்டல் செய்யவும், கதையை நிறுத்தி ஊர் நடப்பைப் பேசவும் உரிமை பெற்றவன் கட்டியக்காரன். ஒரு பிள்ளையைக் கட்டியக்காரனாக்கி, முதலாளியையும் ஆசிரியரையும் அதிகாரியையும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எந்த விழிப்புணர்வு நாடகத்திலும் வராத கேள்விகள் வரும்.

தமிழில் முன்னோடிகளும் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர் சே. இராமானுஜம், 2016இல் மறையும்வரை சிறார் அரங்கில் அக்கறை கொண்டிருந்தார். புதுச்சேரியின் வேலு சரவணன் தம் 'ஆழி' குழுவோடு 'கடல் பூதம்' போடும்போது, பார்க்க வந்த பிள்ளைகளும் கூச்சலிட்டு நாடகத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். மனப்பாடமும் வரிசையும் இல்லாமல் பிள்ளைகளை நம்பலாம் என்பதற்கு இந்த இரு பெயர்களும் போதும்.

2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத்திருவிழாவை நாம் மனமார வரவேற்கிறோம். பறையும் சிலம்பமும் கூத்தும் பள்ளி வளாகத்துக்குள் உரிமையோடு நுழைந்தது சிறிய காரியம் அல்ல. ஆனால் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் போட்டியில் ஒவ்வொரு படியிலும் பலர் கழித்துக்கட்டப்படுகிறார்கள். மேலே போகிறவர்கள் ஏற்கெனவே மேடைக்குப் பழகியவர்கள். நாடகம் யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளை முதல் சுற்றிலேயே பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறது.

"கடைசியில் காட்டுவதற்கு என்ன இருக்கும்?" என்று பெற்றோரும் நிர்வாகமும் கேட்பது நியாயமே. எதுவும் இல்லாமலும் போகலாம். மேடை ஏறியே தீர வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைத் தடுக்கச் சொல்லவில்லை. எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது, காட்டத்தான் வேண்டுமா என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும் என்கிறோம்.

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டப் பள்ளிகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: வாரம் ஒரு பாடவேளை, பெஞ்சுகளை ஓரம் தள்ளிய ஒரு வகுப்பறை, பிள்ளைகளைத் திருத்தாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர். ஆண்டுவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நாடகக்காரர்களைக் கூப்பிடாதீர்கள். ஜூனில், பள்ளி திறந்த வாரத்தில் கூப்பிடுங்கள்.